உதட்டில் ஏற்றிய நிரப்பியைக் கரைக்கும் முறை

உதட்டைப் பருக்கச் செய்வதற்காக ஊசி வழியே ஏற்றப்படும் பொருளை மக்கள் 'ஃபில்லர்' என்பர். தமிழில் நிரப்பி எனலாம். கோலாலம்பூர், சிங்கப்பூர் போன்ற நகரங்களில் இளைஞரும் நடுவயதினரும் இதனை ஏற்றிக்கொள்வது இன்று அரிய செய்தி அன்று. ஏற்றிக்கொண்டோருள் ஒரு சாரார் பின்னர் வருந்துகின்றனர். உதடு அளவுக்கு மீறித் தடித்துவிட்டது என்பார் சிலர். இருபுறமும் ஒத்திருக்கவில்லை என்பார் சிலர். கட்டி தட்டுப்படுகிறது, உதட்டின் எல்லையைத் தாண்டி மேலே பரவிவிட்டது என்பாரும் உளர். இட்டதை எடுக்க இயலுமா என்பதே இவர்கள் அனைவரின் வினா. இயலும் என்பதே விடை. ஆயினும், எல்லா நிரப்பியையும் எடுத்துவிட முடியாது. எவர் வேண்டுமானாலும் எடுத்துவிடவும் முடியாது. இதன் காரணத்தை ஈண்டு முறையாகக் காண்போம்.

மீள முடியாத பழைய வழி

உடலுக்குள் ஒரு பொருளை ஏற்றி வடிவத்தைத் திருத்தும் எண்ணம் புதியதன்று. 1899-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து அறுவை மருத்துவர் இராபர்ட் கெர்சுனி, பாரஃபின் வகைப் பொருளை ஊசியால் ஏற்றி இம்முயற்சியைத் தொடங்கினார். முதலில் அது பெரும் வெற்றியாகத் தோன்றிற்று. ஆண்டுகள் சில கடந்தபின், ஏற்றிய இடங்களில் கட்டிகளும் புண்களும் எழுந்தன. அம்மெழுகைக் கரைக்க வழியில்லை. கத்தியால் அறுத்தெடுப்பதே எஞ்சிய வழி. பின்னாளில் வந்த திரவச் சிலிக்கோனும் இத்தகையதே. உடலில் புகுந்தபின் அதனை எந்த மருந்தும் கரைப்பதில்லை. ஆகவே, ஒரு நிரப்பி எவ்வளவு அழகு தருகிறது என்பதனினும், வேண்டாதபோது அது நீங்குமா என்பதே முதலில் கேட்கத்தக்க கேள்வி.

இன்றைய நிரப்பி யாது?

இன்று உதட்டில் பெரும்பாலும் ஏற்றப்படுவது ஹயலுரானிக் அமிலம் என்னும் கூழ்மப் பொருள். இது உடலுக்கு அயலானதன்று. 1934-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்னும் இருவர் மாட்டுக் கண்ணின் உள்ளிருக்கும் பளிங்கு போன்ற கூழிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். 'ஹயலோஸ்' என்னும் கிரேக்கச் சொல் கண்ணாடியைக் குறிக்கும். அதுவே பெயரின் முற்பகுதியாயிற்று. சர்க்கரை இனத்தைச் சேர்ந்த இருவகைக் கூறுகள் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலியே இதன் மூலக்கூறு. நீரை மிகுதியாக ஈர்த்துப் பிடித்துக்கொள்வது இதன் இயல்பு. தோலின் மென்மைக்கும் மூட்டுகளின் வழவழப்புக்கும் இது துணை செய்கிறது.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் ஏறத்தாழ 15 கிராம் ஹயலுரானிக் அமிலம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் சிதைந்து புதிதாக உருவாகிறது. இவ்வளவு விரைவில் சிதையும் பொருளை அப்படியே உதட்டில் ஏற்றினால் சில நாளில் மறைந்துவிடும் அன்றோ? அதனால் அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று வேதிப்பாலங்களால் பிணைத்துவிடுகின்றனர்.

இதனை இரப்பர்த் தோட்டங்களை அறிந்தோர் எளிதில் உணரலாம். பக்குவப்படுத்தாத இரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். 1839-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் குட்இயர் அதனைக் கந்தகத்தோடு சூடாக்கியபோது, கந்தகம் இரப்பரின் சங்கிலிகளுக்கு இடையே பாலமாக நின்று அதனை உறுதியாக்கிற்று. நிரப்பியிலும் அவ்வாறே பிணைப்பு மிகுந்தால் கூழ் கெட்டிப்பட்டு நெடுநாள் நிற்கும். உதட்டு நிரப்பி பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நிற்கும் என்பர். சிலரிடம் அதனினும் நீண்டு தங்குவதுண்டு.

கரைக்கும் நொதி

ஹயலுரானிக் அமிலத்தின் சங்கிலியை வெட்டும் நொதிக்கு ஹயலுரானிடேஸ் என்று பெயர். இது அழகுக்கலைக்காகத் தேடிக் கண்டதன்று. ஸ்பெயினில் பிறந்த பிரான்சிஸ்கோ டுரான் ரெய்னால்ஸ், விலங்கின் விரைச் சாற்றைச் சேர்த்து ஏற்றினால் நோய்க்கிருமி தோலில் விரைந்து பரவுவதை 1928-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அதனைப் 'பரப்பும் காரணி' என்றனர். அக்காரணி ஹயலுரானிக் அமிலத்தை வெட்டும் நொதியே என்பதை 1939, 1940-ஆம் ஆண்டுகளில் எர்ன்ஸ்ட் செயின், டத்தி என்பார் விளக்கினர். பெனிசிலின் ஆராய்ச்சிக்காக 1945-இல் நோபெல் பரிசு பெற்றவருள் ஒருவரான செயின் இவரே.

ஆட்டிலிருந்தும் மாட்டிலிருந்தும் இந்நொதியை எடுக்கின்றனர். மனித நொதியை ஒத்ததாக ஆய்வுக்கூடத்தில் ஆக்குவதும் உண்டு. மருந்துகள் திசுவில் எளிதாகப் பரவுதற்கென இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. நிரப்பியைக் கரைப்பதற்கு இதனைப் பயன்படுத்துவது மருத்துவர்களின் அனுபவத்தால் நிலைபெற்ற முறை.

நொதி ஏற்றிய சில மணி நேரத்திலேயே நிரப்பி தளரத் தொடங்கும். ஓரிரு நாளில் பெரும்பகுதி விளைவு தெரியும். பிணைப்பு மிகுந்த நிரப்பிக்கு இரண்டாம் முறையும் தேவைப்படலாம். புதிதாக நிரப்பி ஏற்ற விரும்புவோரை ஏறத்தாழ இரண்டு வாரம் பொறுத்திருக்கச் சொல்வது வழக்கம்.

'இந்நொதி என் சொந்தச் சதையையும் தின்றுவிடாதா?' என்று பலர் அஞ்சுவர். ஏற்றியது எது, இயற்கையாக உள்ளது எது என்று நொதி பிரித்தறியாது என்பது உண்மையே. அவ்விடத்து இயற்கை ஹயலுரானிக் அமிலமும் ஓரளவு கரையும். ஆனால் உடல் அதனை நாள்தோறும் ஆக்கிக்கொண்டே இருப்பதால் அக்குறை நிரம்பிவிடும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தையும் தசையையும் இந்நொதி வெட்டுவதில்லை. சில நாள் உதடு சுருங்கித் தளர்ந்தாற்போல் தோன்றலாம். அதுகண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

எப்போது பொறுப்பது, எப்போது விரைவது?

நிரப்பி ஏற்றிய முதல் சில நாள் வீக்கமும் கன்றலும் இருப்பது இயல்பு. அவ்வீக்கத்தையே வடிவம் என்று எண்ணி உடனே கரைக்க விரைதல் தகாது. அழகு பற்றிய குறையாயின் இரண்டு வாரம் கழித்து மருத்துவரை நாடலாம்.

பொறுக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. நிரப்பி தவறிக் குருதிக்குழாயினுள் புகுந்தால், அல்லது அதனை வெளியிலிருந்து அழுத்தினால், அக்குழாயை நம்பியுள்ள தோலுக்குக் குருதி செல்லாது. தோல் வெளுத்தல், கடும் வலி, பின்னர் வலைப்பின்னல் போன்ற கருநீலத் திட்டுகள் தோன்றுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். வலியின்றியும் இது நேரலாம். இங்கு அழகு பற்றிய பேச்சுக்கு இடமில்லை. திசு மடியாமல் காப்பதே வேலை. மருத்துவர் மிகுந்த அளவு நொதியை ஏற்றி, குருதி ஓட்டம் மீளும்வரை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பக் கொடுப்பார். பார்வை மங்கினால் ஒரு நொடியும் தாழ்த்தாது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

நொதியிலும் எச்சரிக்கை வேண்டும்

தேனீ, குளவி ஆகியவற்றின் நஞ்சிலும் ஹயலுரானிடேஸ் உண்டு. ஆகவே, அவை கொட்டியதால் முன்னர்க் கடும் ஒவ்வாமை கண்டவர் அதனை மருத்துவரிடம் மறைத்தல் ஆகாது. அவசரமில்லாதபோது முன்கையில் சிறிதளவு ஏற்றி, இருபது முப்பது நிமிடம் பார்த்தபின் தொடங்குவது நல்ல முறை. ஒவ்வாமை மூண்டால் தணிக்கும் அட்ரினலின் மருந்து அருகில் இருத்தல் வேண்டும். கருவுற்றோரும், ஆஸ்பிரின் முதலிய மருந்துகள் உட்கொள்வோரும் அதனை முன்கூட்டியே கூற வேண்டும். அழற்சியும் சீழும் உள்ள இடத்தில் நொதியை ஏற்றினால், அதன் பரப்பும் தன்மையால் கிருமியும் பரவக்கூடும்.

ஏற்றப்பட்டது யாது என்பதை அறிவது இன்னும் முதன்மையானது. சிலிக்கோனையோ, கால்சியம் சேர்ந்த நிரப்பியையோ இந்நொதி கரைக்காது. புட்டியின் பெயரும் தொகுதி எண்ணும் எழுதிய சீட்டை வாங்கி வைத்திருப்பவருக்குப் பிற்காலத்தில் பாதித் தொல்லை தீரும். அது இல்லாதவருக்கு ஒலியலைப் படம் ஓரளவு துணை செய்யும்.

மலேசியாவில் சுகாதார அமைச்சின் அழகியல் மருத்துவச் சான்று பெற்ற பதிவு மருத்துவரே இப்பணியைச் செய்யலாம். சிங்கப்பூரிலும் இது மருத்துவரின் பணியே. அழகு நிலையத்திலும், ஹோட்டல் அறையிலும், வீட்டுக் கூடத்திலும் ஏற்றுவோரிடம் நிரப்பி இருக்கலாம். அதனைக் கரைக்கும் நொதி பெரும்பாலும் இராது. இருப்பினும் அளவறிந்து கொடுக்கும் பயிற்சி இராது. இணையத்தில் நொதியை வாங்கித் தாமே குத்திக்கொள்வது அதனினும் கேடு.

உயர்வகுப்பு மாணவர் இத்தகைய விளம்பரங்களை நாள்தோறும் கைப்பேசியில் காண்கின்றனர். அவர்கள் ஆசிரியரிடம் வந்து கேட்டால், நாணத்தாலோ சினத்தாலோ பேச்சை மாற்றிவிடுவதில் பயனில்லை. ஏற்றும் பொருளின் பெயர் என்ன, அது கரையுமா, கரைக்கும் மருந்து அவ்விடத்தில் ஆயத்தமாக உள்ளதா, நள்ளிரவில் தோல் வெளுத்தால் யாரை அழைப்பது என்னும் நான்கு வினாக்களை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தல் நன்று. நான்கிற்கும் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் ஊசிக்கு உதட்டைக் கொடுக்கலாகாது.