மெரினா மணலே... உன் சொந்த ஊர் எது?

மெரினாவில் சுண்டல் சாப்பிட்டிருப்பீர்கள். செமஸ்டர் முடிந்த அன்னிக்கு கேங்காகப் போய் அலையில் கால் நனைத்திருப்பீர்கள். ரோட்டிலிருந்து தண்ணீரைத் தொடுவதற்குள் கால் வலிச்சிடும். அவ்ளோ மணல்! என்னிக்காவது ஒரு பிடி அள்ளி, ‘நீ எந்த ஊருப்பா?’ன்னு கேட்டிருக்கீங்களா?

கேட்டால், அது சொல்லும் பதிலில் பள்ளியில் மனப்பாடம் பண்ணி மறந்த மூணு வார்த்தைகளும் வரும். சிதைவு, அரிப்பு, படிவு. கூடவே ஒரு சண்டையும் வரும்.

மலை உடையுற கதை

முதலில் பாறை. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் இருக்கும் கருங்கல் சும்மா இல்லை பாஸ், உலகப் புகழ் பெற்றது. சுமார் 250 கோடி வருஷப் பழசு. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் வைத்திருப்பதும் இதே வகைக் கல்தான். அதனால் 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதற்கு ‘சார்னோகைட்’ என்று பெயர் வைத்தார்.

இவ்வளவு கெட்டியான பாறையும் உடையும். பகலில் சூடேறி விரியும், ராத்திரி குளிர்ந்து சுருங்கும். மெல்லிசாக விரிசல் விழும். அதில் மழைத் தண்ணி இறங்கும், செடி வேர் விடும். கோயில் கோபுரத்தில் முளைத்த அரசங்கன்று கல்லையே பிளக்கிறதே, அதே டெக்னிக். இன்னொரு பக்கம் தண்ணீர் வேதியியல் வேலை காட்டும். பாறையில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மெதுவாகக் களிமண்ணாக மாறிவிடும். ஆனால், குவார்ட்ஸ் மட்டும் அசைந்து கொடுக்காது. மற்றதெல்லாம் கரைந்து, நொறுங்கிப் போன பிறகு மிஞ்சி நிற்கிற அந்த குவார்ட்ஸ் துகள்தான் பெரும்பாலும் மணல். இதுதான் சிதைவு.

மாமல்லபுரத்தில் சரிவில் உருளாமல் நிற்கும் ‘கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை’யும் இந்த வேலையின் ரிசல்ட்தான். யாரும் செதுக்கவில்லை. பாறையின் மூலைகள் முதலில் சிதைந்து உதிர, நடுப்பகுதி உருண்டையாக மிஞ்சியது.

ஆத்துல ஏறி கடலுக்கு...

உடைந்த துகள் அதே இடத்தில் கிடந்தால் கதை முடிந்தது. மழை வந்து அடித்துக்கொண்டு போகிறதே, அங்கேதான் அரிப்பு ஆரம்பம். பாலாறும் தென்பெண்ணையும் கர்நாடகாவின் நந்தி மலைப் பக்கம் புறப்படுகின்றன. வழியெல்லாம் பாறைத் துகளை ஏற்றிக்கொண்டு, பாலாறு கல்பாக்கம் பக்கமும், தென்பெண்ணை கடலூரிலும் கடலில் இறக்கிவிடுகின்றன.

இறங்கிய மணல் அங்கேயே செட்டில் ஆவதில்லை. அலைகள் கரையில் சாய்வாக மோதும்போது மணலையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் தள்ளும். நம்ம சோழமண்டலக் கரையில் வருஷத்தில் ஏறக்குறைய எட்டு மாசம் வடக்குப் பார்த்துத் தள்ளும். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் மட்டும் தெற்கே. கூட்டிக் கழித்துப் பார்த்தால், வருஷா வருஷம் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கிறது.

ஆக, மணலுக்குக் கரை ஒரு ஸ்டாப்பிங் மட்டும்தான், டெர்மினஸ் இல்லை!

துறைமுகம் போட்ட சடன் பிரேக்

மாநிலக் கல்லூரியின் இப்போதைய கட்டடம் 1870-ல் திறக்கப்பட்டபோது எதிரே இவ்வளவு அகலமான மணல்வெளி கிடையாது. கடல் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது.

1870-களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-ல் ஒரு புயல் வந்து அதை உடைத்துப் போட, மறுபடியும் கட்டினார்கள். கடலுக்குள் கையை நீட்டிய அந்தச் சுவர், வடக்கே போய்க்கொண்டிருந்த மணலைத் தடுத்து நிறுத்தியது. நின்ற மணல் சுவரின் தெற்கே குவிந்தது. அதுதான் படிவு. அதுதான் இன்னிக்கு நாம் பார்க்கும் மெரினா! 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு, ‘மெரினா’ என்று பெயரும் சூட்டினார். கூவத்தின் முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடி அடைத்துக்கொள்வதற்கும் இந்தக் குவியல் ஒரு காரணம்.

வடக்கே வந்த வினை

இப்போ கணக்கைப் பாருங்க. தெற்கே மணல் சேர்ந்தது என்றால், வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை என்றுதானே அர்த்தம்? அலை மட்டும் லீவு போடவில்லை. ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை இருந்த மணலை அள்ளிக்கொண்டே போனது. புதுசாக வர வேண்டிய மணல் வரவில்லை. கரை தேய்ந்தது. மீனவர்களின் வீடுகள், வலை உலர்த்திய இடம், படகு ஏற்றிய இடம் என ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போயின. நாம் மெரினாவில் காலாற நடக்கும் மணலில் ஒரு பங்கு, வடசென்னைக்குச் சேர வேண்டியது!

கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். ஓரளவு பலனும் கிடைத்தது. ஆனால், கல் கொட்டுவதில் ஒரு சிக்கல். புதுச்சேரியைப் பாருங்கள். 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்தது, நகரின் கடற்கரை காணாமல் போனது. நகரைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். அரிப்பு நிற்கவில்லை. வடக்கே சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று அடுத்த ஊருக்கு ஷிஃப்ட் ஆனது.

பிறகுதான் ரூட்டை மாற்றினார்கள். சென்னையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு தடுப்பை அமைத்தது. அது அலையின் வேகத்தைக் குறைக்க, துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்ட, புதுச்சேரிக்காரர்கள் மறுபடி மணலில் கால் வைத்தார்கள்.

இதற்கு நடுவே ஆற்றிலிருந்து வரும் சப்ளையும் குறைகிறது. தென்பெண்ணையில் 1958-ல் கட்டிய சாத்தனூர் மாதிரி அணைகள் தண்ணீரோடு மணலையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மிச்சத்தை லாரிகள் அள்ளுகின்றன. ஆற்றில் அள்ளும் ஒவ்வொரு லோடும், கடற்கரைக்கு வராமல் போன ஒரு லோடு.

துறைமுகமே வேண்டாம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால், கடலுக்குள் ஒரு கல்லைப் போடும் முன்னாடி, ‘இந்த மணல் யாருக்குப் போய்ச் சேர வேண்டியது?’ என்று கேட்கலாமே! இதைப் படிக்க மாநிலக் கல்லூரியிலேயே நிலவியல் துறை இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி-யில் கடல்சார் பொறியியல் இருக்கிறது. நாளைக்கு அடுத்த துறைமுகத்தின் வரைபடத்தில் கையெழுத்துப் போடப் போவது உங்களில் யாரோ ஒருவராக இருக்கலாம். அப்போ, அந்தச் சுவருக்கு வடக்கே இருக்கிற குப்பத்தையும் சேர்த்து வரைஞ்சுக்குங்க!