பதுளையில் நாம் பேசிய பேரம்

பேரம் பேசுதலை அறுபத்து நான்கு கலைகளுள் ஒன்றாக முன்னோர் ஏன் சேர்க்கவில்லை என்பது எமக்கு நெடுநாளைய ஐயம். மதுரைக் காய்கறிச் சந்தையில் இருபது ஆண்டுகளாக அக்கலையைப் பயின்றவர் நாம். அதில் சிறிது செருக்கும் உண்டு. அந்தச் செருக்கை இலங்கையின் ஊவா மலைகளிலே தொலைத்துவிட்டு வந்த கதையை வாசக அன்பர்களுக்குச் சொல்லுகிறோம்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில், பதுளையில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்றுச் சென்றிருந்தோம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர் புகைவண்டிப் பயணம். எல்லவைக் கடந்ததும், 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் வந்தது. பின்னர் தெமோதரையில் வண்டி மலையைச் சுற்றி இறங்கி, தான் சற்று முன் நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாக நுழைந்து சென்றது. 1924இல் பதுளை வரை இப்பாதையைக் கொண்டுவந்த பொறியியலாளரின் திறனை வியந்தபடியே இறங்கினோம்.

முதல் இடர் மறுநாட் காலையில் வந்தது. நண்பரின் துணைவியார், "பாண் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டார். தமிழ் கற்பிப்பவர் செவியில் பாண் என்ற சொல் விழுந்தால் என்ன தோன்றும்? சிறுபாணாற்றுப்படை தோன்றிற்று, யாழ் தோன்றிற்று. "பாடப் போவது யார்?" என்று ஆவலோடு கேட்டோம். வந்ததோ வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகள்! போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற அச்சொல் இலங்கையில் ரொட்டியைக் குறிக்கும் என்று அப்போதுதான் அறிந்தோம்.

நண்பகலில் உணவுக் கடை ஒன்றில் அமர்ந்தோம். பரிமாறுபவர், "ஐயா, சோறும் கறியும் தரவா?" என்றார். புலால் உண்ணாத எமக்கு உடல் நடுங்கிற்று. எம் ஊரில் கறி என்றால் இறைச்சியன்றோ! "கறியே வேண்டாம்" என்று உரத்த குரலில் மறுத்தோம். அவர் எம்மை விந்தையாக நோக்கி, வெறுஞ்சோற்றை மட்டும் வைத்துச் சென்றார். அடுத்த இலையில் பருப்பும் பூசணியும் பயற்றங்காயும் மணந்துகொண்டிருந்தன. அவையே அந்நாட்டில் கறி! நல்லவேளையாகச் சம்பலாவது உண்டே என்று கையை நீட்டினோம். அதில் மாசிக்கருவாடு கலந்திருக்கிறது என்று நண்பர் தடுத்தார். மோரும் உப்புமே அன்று எமக்கு விருந்து.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. குடை வாங்க ஒரு கடையுள் நுழைந்தோம். நண்பர் சற்றுப் பின்தங்கிவிட்டார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. எமக்குச் சிங்களம் தெரியாது. அவர் ஒரு தாளில் 1800 என்று எழுதினார். நாம் 1200 என்று எழுதினோம். "ஹரி, ஹரி" என்றார். எமது கொடுமையைத் தாங்காமல் திருமாலை அழைக்கிறார் போலும் என்று மனம் இளகி, 1300 என்றோம். மீண்டும் "ஹரி, ஹரி" என்றார். 1400க்கு உயர்ந்தோம். இம்முறை சிரித்தபடியே நாமத்தை மூன்று தடவை உச்சரித்தார். பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

உள்ளே வந்த நண்பர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சிங்களத்தில் 'ஹரி' என்றால் 'சரி' என்று பொருள். 1200க்கே அவர் இசைந்துவிட்டார்!" கடைக்காரரும் விவரம் அறிந்து சிரித்தார், சிரித்தவாறே 200 ரூபாயைத் திருப்பித் தந்தார்.

இந்தத் தோல்வியை ஈடுகட்ட, மறுநாள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வீரத்துடன் புறப்பட்டோம். தோட்டத்துப் பெண் ஒருவர் கொய்யாவைக் கூறு கட்டி வைத்திருந்தார். ஒரு கூறு 200 ரூபாய் என்றார். தமிழ் பேசுபவர், இனி எமக்கென்ன கவலை? கனியின் வடு, சந்தையின் நிலை, மழையின் கேடு என்று அரை நாழிகை வாதாடி 150க்கு முடித்தோம்.

"சார் எந்த ஊரு?" என்றார் அவர்.

"மதுரை."

"எங்க பாட்டனாருக்கும் அந்தப் பக்கந்தானாம். சித்தப்பா குடும்பம் ஒப்பந்தத்துல போயி இப்ப கூடலூர்ல இருக்கு" என்று சொல்லி, கூற்றின்மேல் மூன்று கனிகளை அதிகமாக வைத்தார்.

திரும்பும் வழியில் நண்பர் மெல்லக் கணக்குச் சொன்னார். அப்போது இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் ஏறத்தாழ நான்கு. நாம் வென்றெடுத்த 50 ரூபாய், நம் நாட்டில் பன்னிரண்டு ரூபாய்! 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டிருந்தது. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்தபின் வருவது அக்கூலி. அதனோடு ஒப்பிட்டால் அந்த 50 ரூபாய் ஒரு நாள் உழைப்பில் இருபதில் ஒரு பங்கு.

அவர் சொன்ன 'ஒப்பந்தம்' எம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. 1964இல் சிறீமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. கொய்யாவைக் கூறு கட்டுவதுபோல மக்களைக் கூறு கட்டிய பேரம் அது. அண்ணன் ஒரு கூற்றில், தம்பி மறு கூற்றில். பேரம் பேசிய மேசையில் அவர்களுக்கு இடமில்லை. அந்தக் குடும்பத்துப் பெண்ணிடந்தான் நாம் எமது கலைத்திறனைக் காட்டியிருக்கிறோம்! மொழி புரியாத இடத்தில் இரக்கப்பட்டு ஏற்றிக் கொடுத்தோம். மொழி புரிந்த இடத்தில் இறுக்கிப் பிடித்தோம்.

உடனே சந்தைக்குத் திரும்பினோம். அவர் இன்னும் அங்கேதான் இருந்தார். 50 ரூபாயை நீட்டியபோது வாங்க மறுத்தார்.

"பேசுன விலை பேசுனதுதான் சார்."

வேறு வழி காணாது, எஞ்சியிருந்த நான்கு கூறுகளையும் அவர் சொன்ன விலைக்கே, வாய் திறவாமல் வாங்கினோம். 800 ரூபாயை எண்ணி முடித்துத் தலைப்பில் முடிந்துகொண்ட அவர், எம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சார், உடம்புக்கு ஏதும் சுகமில்லையா? பேசாம வாங்குறீங்களே!"

"ஹரி, ஹரி" என்றோம் நாம்.