வயிறும் வாழ்வும் – 9: சந்தேகக் காலமும் சாப்பாடும்

சென்ற வாரம் விளக்கப்பட்ட எரிச்சல் குடல் தொல்லையில் குடலின் உட்சுவரில் புண் எதுவும் இருப்பதில்லை. இந்த வாரம் எடுத்துக்கொள்ளப்படுவது, புண் கண்ணுக்குத் தெரிந்த பின்னும் அது எந்த நோயின் புண் என்று மருத்துவரால் உடனே சொல்ல முடியாத நிலை. ‘குரோன் நோயாக இருக்கலாம், குடல் காசநோயாகவும் இருக்கலாம்’ என்ற குறிப்போடு கொலனோஸ்கோபி அறிக்கையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் இந்தியாவில் ஏராளம். அடுத்து வரும் மாதங்களை அவர்கள் எப்படிக் கடப்பது என்பதே இவ்வியலின் பொருள். அந்த மாதங்களில் பல குடும்பங்கள் முதலில் செய்யும் தவறு நோயாளியின் சாப்பாட்டைக் குறைப்பது. நோயின் பெயர் உறுதியாகும் முன்பே உடம்பைத் தளர்த்திவிடும் அந்தத் தவறைத் தவிர்க்கும் வழியையும் இது ஆராய்கிறது.

ஒரே இடத்தில் இரு நோய்கள்

குரோன் நோய் என்பது உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்குவதால் உண்டாகும் நெடுநாள் அழற்சி. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் அது வரக்கூடும் என்றாலும், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்திப்பையே அதிகம் தாக்குகிறது. குடல் காசநோய் கிருமியால் வருவது. அதுவும் பெரும்பாலும் அதே சந்திப்பில்தான் குடியேறுகிறது. வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரத்தசோகை ஆகியவை இரண்டுக்கும் பொது. நாளடைவில் குடல் சுருங்கி உணவு செல்லும் வழி அடைபடுவதும் இரண்டிலும் நேரும்.

இந்தக் குழப்பம் குரோன் நோயின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1913இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் கென்னடி டால்ஸியல், காசநோயை ஒத்திருந்தும் காசநோய்க் கிருமி அகப்படாத குடல் அழற்சியைப் பற்றி எழுதினார். 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளை வைத்து இதைத் தனி நோயாக நிறுவியபோதும், காசநோய் இல்லை என்று காட்டுவது அவர்கள் வேலையின் முக்கியப் பகுதியாக இருந்தது. காசநோய் அருகிப்போன நாடுகளில் இந்த ஐயம் இன்று அபூர்வம். காசநோய் பரவலாக உள்ள மும்பையில் அது அன்றாடக் கேள்வி.

அந்நகரின் ஆண்டாப் ஹில்லை எடுத்துக்கொண்டால் கேள்வியின் இரு பக்கமும் ஒரே பகுதியில் தெரியும். மத்திய அரசு ஊழியர் குடியிருப்பும் கானே நகரின் அடுக்குமாடி வீடுகளும் ஒருபுறம், சங்கம் நகர் போன்ற நெருக்கமான குடிசைப் பகுதிகள் மறுபுறம். இங்கு வாழும் தமிழர்களுக்கு ஒரு திசையில் சயானின் லோகமான்ய திலக் நகராட்சி மருத்துவமனை, மறு திசையில் சிவ்ரியின் காசநோய் மருத்துவமனை, சற்றுத் தள்ளிப் பரேலில் கே.இ.எம். மருத்துவமனை. காற்றோட்டம் குறைந்த நெருக்கடியான வீடுகளில் காசநோய் எளிதில் பரவுகிறது; நகர வாழ்க்கைமுறை மாறமாற, முன்பு அபூர்வமாகக் கருதப்பட்ட குரோன் நோயும் இந்திய நகரங்களில் கூடி வருகிறது. ஆகவே இங்கு ஒருவரின் குடற்சந்திப்பில் புண் தெரிந்தால் இரண்டையுமே கருத வேண்டியிருக்கிறது.

மருத்துவர் ஏன் உடனே சொல்வதில்லை

பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. காசநோயில் புண் குடலின் குறுக்கே வளையமாக ஓடுவது வழக்கம். குரோனில் நீளவாக்கில் ஓடும், நடுநடுவே நலமான பகுதிகளை விட்டுவிட்டுத் தோன்றும். ஆசனவாயருகே புரைக்குழாய் இருந்தால் குரோன் பக்கம் ஐயம் சாய்கிறது. வயிற்றில் நீர் கோத்திருந்தால் காசநோய் பக்கம். புண்ணிலிருந்து கிள்ளியெடுக்கும் சதைத்துணுக்கை நுண்ணோக்கியில் பார்ப்பது அடுத்த படி. அழற்சியில் திரளும் அணுக்கள் உருண்டு நிற்பதைக் ‘கிரானுலோமா’ என்பர். இதில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் அன்னா புளிமூட், பி.எஸ். ராமகிருஷ்ணா முதலியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பயன்பட்டது. காசநோய்த் துணுக்குகளில் இந்த உருண்டைகள் பலவாகவும் ஒன்றோடொன்று இணைந்தும் சராசரி 193 மைக்ரான் அகலத்திலும் இருந்தன. குரோனில் அரிதாகவும் தனித்தும் ஏறக்குறைய பாதி அளவிலும், அதாவது 95 மைக்ரான் அகலத்திலும் இருந்தன. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டின் மேல் ஒருவரின் சிகிச்சை நிற்கிறது என்பதால்தான், ஒரே இடத்தில் கிள்ளாமல் குடலின் பல பகுதிகளிலிருந்தும் துணுக்குகளை மருத்துவர்கள் எடுக்கிறார்கள்.

இருந்தும் பல துணுக்குகளில் கிரானுலோமாவே அகப்படுவதில்லை. கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனை குடல் துணுக்கில் ‘இல்லை’ என்று வந்தாலும் காசநோய் இல்லை என்று முடிவுகட்ட இயலாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும். மலத்தில் கால்புரொடெக்டின் என்ற புரதத்தை அளக்கும் சோதனை அழற்சி இருப்பதைக் காட்டும், எந்த நோயின் அழற்சி என்பதைக் காட்டாது.

தவறினால் இருபுறமும் இழப்பு. காசநோயைக் குரோன் என்று கருதி, எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டையோ இன்ஃபிளிக்ஸிமாப் போன்ற உயிரியல் மருந்தையோ கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவக்கூடும். 1998இல் அமெரிக்காவில் குரோனுக்கு ஏற்கப்பட்ட இன்ஃபிளிக்ஸிமாபால் உறங்கிக்கிடந்த காசநோய் விழித்தெழுவது 2001இலேயே பதிவாகிவிட்டது. குரோனைக் காசநோய் என்று கருதி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தாலோ, அதற்குள் குடல் சுருங்கி அறுவை வரை போய்விடலாம்.

ஆகவே ஐயம் தீராதபோது பல மருத்துவர்கள் முதலில் காசநோய் மருந்துகளைத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் மறுபடி கொலனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வலி குறைந்ததை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. குரோன் நோயாளிகளிலும் ஒரு பகுதியினருக்கு இந்த மருந்துகளால் சில காலம் உடம்பு தேவலையாகத் தோன்றும். புண் ஆறியிருப்பதே சான்று. காசநோய் என்று உறுதியானால் ஆறு மாதச் சிகிச்சை பொதுவாகப் போதும் என்பதற்கு வலுவான ஆதாரம் தந்தது சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம். அதன் ஐந்தாண்டுக் கண்காணிப்பு முடிவு 1997இல் வெளிவந்தது. புண் ஆறாவிட்டால் குரோன் ஒருபுறம், மருந்துக்கு மசியாத காசநோய் மறுபுறம் என்று கேள்வி மீண்டும் விரியும். அத்தகைய காசநோய் மும்பைக்குப் புதிதன்று: எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் குறித்த எச்சரிக்கை 2012இல் மாஹிமின் இந்துஜா மருத்துவமனையிலிருந்துதான் எழுந்தது. ‘பார்க்கலாம்’ என்று மருத்துவர் சொல்லும்போது அது கைவிரிப்பாகத் தோன்றினாலும், உண்மையில் அது ஒரு முறையான சோதனையின் பகுதி.

தட்டு சுருங்கும் மூன்று வழிகள்

காத்திருக்கும் இந்த மாதங்களில் சாப்பாடு மூன்று காரணங்களால் குறைகிறது. முதலாவது அச்சம்: எதைத் தின்றாலும் வலிக்கிறது என்ற நினைப்பில் நோயாளி ஒவ்வொன்றாக விலக்குகிறார். இரண்டாவது அறிவுரை: பருப்பு வாயு, தயிர் சளி, முட்டை சூடு என்று உறவினர் ஆளுக்கொன்றை நீக்குகிறார்கள், முடிவில் மோர்சாதமும் ரொட்டியும் மிஞ்சுகின்றன. மூன்றாவது வெளியே அதிகம் பேசப்படாதது. பொதுக் கழிப்பிடத்தில் வரிசையில் நிற்க வேண்டிய வீட்டிலிருந்து காலையில் ஜி.டி.பி. நகர் நிலையத்துக்கு நடந்து, கழிவறை இல்லாத ஹார்பர் லைன் ரயிலில் வேலைக்குப் போகிறவர், வழியில் வயிறு கலக்கினால் என்ன செய்வது என்று அஞ்சி வெறும் வயிற்றோடு கிளம்புகிறார். அவருக்கு உணவுப் பட்டியல் மட்டும் தருவது பாதி உதவி. பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சிறிதளவு சாப்பிடுவது, வேலை நேரத்தை மாற்றித் தரக் கேட்பதற்கு மருத்துவரின் கடிதம் பெறுவது ஆகியவையும் சிகிச்சையைச் சேர்ந்தவையே.

சாப்பாட்டின் இடம் எது என்பதிலும் தெளிவு வேண்டும். 1959இல் வெளியான சென்னை ஆய்வு, சத்துணவும் ஓய்வும் கிடைத்த சானடோரியம் நோயாளிகளுக்கு இணையாக, எளிய உணவோடு வீட்டிலிருந்து மருந்துண்ட நுரையீரல் காசநோயாளிகளும் குணமடைந்ததைக் காட்டியது. கிருமியை வெல்வது மருந்தே. ஆனால் 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கு ஊட்ட உணவு கொடுத்தபோது அவர்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. தாங்கும் வலுவைத் தருவது உணவே. குரோனிலும் நிலைமை இதுதான். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே உணவுமுறை இதுவரை நிறுவப்படவில்லை. சிறாருக்கு மட்டும் ஆறு முதல் எட்டு வாரம் திரவ ஊட்ட உணவையே கொடுப்பது மருந்துக்கு நிகரான முதற்சிகிச்சையாக ஏற்கப்பட்டிருக்கிறது. மிளகாயோ வடாபாவோ இந்த நோயை உண்டாக்குவதில்லை. ஆகவே நோயாளி தன் வாயைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை.

எதைச் சமைப்பது

குடல் சுருங்கியிருக்கிறதா என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். உணவின் வடிவம் அதைப் பொறுத்தது. சுருக்கம் இருந்தால் சக்கையும் நாரும் அடைப்பை உண்டாக்கும். வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்காய், கீரைத்தண்டு, மக்காச்சோளம், கொய்யா விதை, முளைகட்டிய பயறில் செய்த உசல், தேங்காய்த் துருவல் ஆகியவற்றை அப்போதைக்கு நிறுத்தலாம். அவற்றின் இடத்தில் தோலும் விதையும் நீக்கிக் குழைய வேகவைத்த சுரைக்காய், பரங்கி, சௌசௌ, கேரட். துருவலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால். முழுப்பயறுக்குப் பதிலாகத் தோலில்லாத பயத்தம்பருப்பு. சுருக்கம் இல்லாதவர்கள் நாரை அறவே விலக்கக் காரணமில்லை.

ஒரு நாளின் உணவை இப்படி அமைக்கலாம். காலையில் இட்லியுடன் நெய் சேர்த்த பருப்புச் சாறு, முற்பகலில் வாழைப்பழம், மதியம் குழைந்த சோறு, பரங்கிக்காய்க் கூட்டு, தயிர், அசைவர்களுக்கு முட்டையோ முள் நீக்கிய வேகவைத்த மீனோ, மாலையில் ரவைக் கஞ்சி, இரவில் பச்சரிசியும் பயத்தம்பருப்பும் சேர்ந்த பொங்கல். மூன்று வேளைப் பெருஞ்சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரிப்பதே முக்கியம். மொத்த அளவு குறையக் கூடாது. பால் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கு மிகும் நாளில் பழச்சாறு அதைக் கூட்டும். உப்புச் சர்க்கரைக் கரைசலும் உப்பிட்ட கஞ்சியும் நல்லவை. வைட்டமின் பி12 சிறுகுடலின் கடைப்பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அங்கே புண் உள்ளவர் சைவராகவும் இருந்தால் குறைபாடு இரட்டிப்பாகும் என்பதால், அதோடு இரும்பு, வைட்டமின் டி அளவுகளையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகக் காலத்தில் மருந்துக் கடையில் தானாக வாங்கக் கூடாதவை இரண்டு. டைகுளோஃபினாக், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் குடலில் தாமே புண் உண்டாக்கி அறிக்கையைக் குழப்பும். லெவோஃபிளாக்ஸாசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கிச் சோதனைக்கு மறைத்துவிடும். புகைபிடித்தல் குரோனை மோசமாக்கும் என்பது உறுதியானது.

வீட்டார் அறிய வேண்டியவை

குரோன் தொற்றுநோயன்று. குடலில் மட்டும் உள்ள காசநோயும் பொதுவாக மற்றவருக்குத் தொற்றுவதில்லை. நுரையீரலிலும் இருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரே பார்த்துவிட்டால், தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைக்கும் கொடுமைக்கு இடமில்லை. காசநோய்ச் சிகிச்சைக்குப் பதிவு பெற்றவருக்கு நிக்‌ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உணவுக்காக வங்கிக் கணக்கில் வருகிறது. 2018இல் 500 ரூபாயாகத் தொடங்கிய இத்தொகை 2024 நவம்பரில் உயர்த்தப்பட்டது. அதைக் கூச்சமின்றிக் கேட்டுப் பெற வேண்டும்.

காசநோய் மாத்திரை உண்ணும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது அவற்றில் ஒன்றான ரிஃபாம்பிசினால் வருவது, அஞ்ச வேண்டாம். கண் மஞ்சளாவதும், குமட்டலோடு பசி அறவே போவதும் கல்லீரல் பாதிப்பின் குறி. பார்வை மங்குவது எத்தாம்பியூட்டால் என்ற மற்றொரு காசநோய் மருந்தால் இருக்கலாம். வயிறு உப்பி, ஓயாத வாந்தியோடு காற்றும் பிரியாமல் நின்றால் அது குடலடைப்பு. இவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடையும், அன்றாடம் உண்டது, வலி, மலம் கழித்த எண்ணிக்கை, காய்ச்சல் ஆகியவையும் ஒரு நோட்டில் ஏறினால், இரண்டாம் கொலனோஸ்கோபி நாளில் மருத்துவர் கையில் புண்ணின் படத்தோடு மனிதரின் கணக்கும் இருக்கும். எடை தொடர்ந்து இறங்கினால் அதுவே உணவுமுறையை மாற்றச் சொல்லும் ஆணை. வரப்போவது ஆறு மாத மருந்தானாலும் ஆயுள்கால மருந்தானாலும், தேவைப்பட்டால் அறுவையேயானாலும், ஊட்டம் குன்றாத உடல் அதை நன்கு தாங்கும். நோயின் பெயரை உறுதிசெய்வது மருத்துவரின் பொறுப்பு. அதுவரை நோயாளியின் எடையைக் காப்பது குடும்பத்தின் பொறுப்பு.

அடுத்த வாரம்: குரோன் என்று உறுதியான பின் தொடங்கும் மருந்துகளும், ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதன் ஆபத்தும்.