பெண்களுக்கு மட்டுமான அரை மணி நேர ஜிம்: சேரலாமா, வேண்டாமா?

போன மாசம் அண்ணி போன் பண்ணி, "ஏம்மா, நீயும் என் ஜிம்முக்கு வந்துடேன். அரை மணி நேரந்தான். பொம்பளைங்க மட்டும்தான் இருப்போம்"னு கூப்பிட்டாங்க. டாலஸ் பக்கம் நாங்க ரெண்டு பேரும் பத்து நிமிஷத் தூரத்துலதான் இருக்கோம். ஆனாலும் நான் உடனே சரின்னு சொல்லலை.

காரணம் ரெண்டு. நாலு வருஷம் முன்னாடி இதே மாதிரி வேறொரு ஜிம்முல சேர்ந்து பணத்தை விட்டவள் நான். அடுத்தது, இந்த வருஷம் எடுத்த ஸ்கேன்ல என் எலும்பு அடர்த்தி குறைஞ்சிருக்குன்னு வந்துடுச்சு. வயசு 51. "நடந்தா மட்டும் போதாது, எடை தூக்குங்க"ன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அண்ணியோட அரை மணி நேரம் அந்தக் கணக்குல சேருமா? தேடிப் படிச்சதையும், ரெண்டு வாரம் விருந்தாளியா போய்ப் பார்த்ததையும் இங்கே குறிச்சு வைக்கிறேன்.

எங்கிருந்து வந்தது?

சர்க்யூட் பயிற்சி புதிதல்ல. 1953-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆண்டர்சன் என்ற இருவர் இதை வடிவமைத்தார்கள். வட்டமாகச் சில பயிற்சிகளை அடுக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அதிக ஓய்வில்லாமல் நகர்வதுதான் அதன் சாரம்.

அதைப் பெண்களுக்கு மட்டுமான கடையாக மாற்றிப் பெரிதாக்கியது 'கர்வ்ஸ்'. 1992-ல் எங்க டெக்சஸ் மாநிலத்திலேயே, ஹார்லிங்கன் என்ற ஊரில், கேரி ஹெவின், டயான் ஹெவின் தம்பதி தொடங்கினார்கள். 1995 முதல் கிளை உரிமை கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆண்கள் இல்லை, ஒப்பனை இல்லை, கண்ணாடி இல்லை என்பதுதான் அவர்கள் விளம்பரம். 2000-களின் நடுவில் உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட 10,000 கிளைகள் இருந்தன. பிறகு அமெரிக்காவில் மளமளவென்று மூடப்பட்டன. ஜப்பானிலோ கதை நேர்மாறு. 2005-ல் நுழைந்து சுமார் 2000 கிளைகளாக வளர்ந்து, 2018-ல் தாய் நிறுவனத்தையே ஜப்பானியர்கள் வாங்கிவிட்டார்கள். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் 50 வயது தாண்டியவர்கள். இது முக்கியம், பிறகு சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

அண்ணியோட ஜிம்முல 12 மெஷின் வட்டமா இருக்கு. ரெண்டு மெஷினுக்கு நடுவுல ஒரு மெத்துமெத்துன்னு பலகை. மெஷின்ல 30 விநாடி, பலகைமேல நின்ன இடத்துலயே 30 விநாடி ஓட்டம். பாட்டுக்கு நடுவுல குரல் வரும், எல்லாரும் ஒரு இடம் நகரணும். ஒரு சுற்றுக்கு 12 நிமிஷம். ரெண்டு சுற்று முடிஞ்சா 24. கை கால் நீட்டி முடிச்சா அரை மணி.

இந்த மெஷின்களில் இரும்புத் தட்டுகள் கிடையாது. எண்ணெய் நிரம்பிய ஹைட்ராலிக் குழாய்தான். கதவு படாரென்று சாத்தாமல் இருக்க மேலே ஒரு குழாய் வைப்பார்களே, அந்த மாதிரி. வேகமாகத் தள்ளினால் கனமாக இருக்கும், மெதுவாகத் தள்ளினால் லேசாக இருக்கும். கையை விட்டாலும் எதுவும் மேலே விழாது. ஜிம் பக்கமே போகாதவர்களுக்கு இது பெரிய தைரியம்.

குறையும் அதிலேயே இருக்கிறது. எடையைத் தூக்கும்போது ஒரு வேலை, பிடித்துக்கொண்டே மெதுவாக இறக்கும்போது இன்னொரு வேலை என்று தசைக்கு இரண்டு வேலை உண்டு. ஹைட்ராலிக் மெஷினில் இரண்டு பக்கமும் தள்ளலும் இழுத்தலும்தான், இறக்குதல் கிடையாது. மறுநாள் உடம்பு வலி குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் மாடிப்படி இறங்குவதும், நாற்காலியில் தொப்பென்று விழாமல் உட்காருவதும் அந்த 'இறக்கும்' பலத்தால்தான். தவிர, போன மாதம் 10 கிலோ, இந்த மாதம் 12 கிலோ என்று கணக்கு வைக்கவும் வழியில்லை. 30 விநாடியில் எத்தனை தடவை தள்ளினோம் என்று நாமே எண்ணிக்கொண்டால்தான் உண்டு.

பலன் எவ்வளவு?

*இதயத்துக்கு:* வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. வாரம் மூணு தடவை போனால் 90 நிமிடம். மீதி 60 நிமிடத்தை நடந்து ஈடுகட்டிவிடலாம்.

*எடை குறைய:* 65 கிலோ உள்ளவர் இந்த வேகத்தில் அரை மணி நேரம் செய்தால் ஏறக்குறைய 160 கலோரி செலவாகும். ஒரு மசால் தோசையில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். சாப்பாட்டைத் தொடாமல் இதை மட்டும் நம்பிச் சேர்ந்தால் ஏமாற்றம்தான்.

*தசைக்கு:* இதுவரை ஒன்றுமே செய்யாதவருக்கு ஆரம்பத்தில் நல்ல முன்னேற்றம் தெரியும். சில மாதங்களுக்குப் பிறகு பாரம் கூடாமல் அங்கேயே நின்றுவிட வாய்ப்பு அதிகம்.

*எலும்புக்கு:* என் கேள்வி இதுதான். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் 'லிஃப்ட்மோர்' என்று ஒரு ஆய்வு நடந்தது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள். ஒரு குழுவினர் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் கண்காணிப்பில் தங்களால் தூக்க முடிந்த உச்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல் தூக்கினார்கள். குதித்து இறங்கும் பயிற்சியும் உண்டு. எட்டு மாதத்தில் கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த குழுவுக்குக் குறைந்தது. ஆக, எலும்புக்கு வேண்டியது கனமான பாரமும் அதிர்வும். எண்ணெய்க் குழாய் அதைத் தராது. (இந்த ஆய்வைப் பார்த்துட்டு யாரும் தனியா கனமான எடையைத் தூக்கிடாதீங்க. டாக்டர்கிட்ட கேட்டு, சொல்லித்தர ஆள் இருந்தா மட்டும்.)

பணம்

நான் முன்னாடி சேர்ந்த இடத்துல மாசம் 39 டாலர், ஒரு வருஷ ஒப்பந்தம். நாலு மாசம் போனேன். மீதி எட்டு மாசத்துக்கு 312 டாலர் சும்மா கட்டினேன். ஒப்பந்தத்தைப் படிக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு. மாசம் 12 தடவை போனா ஒரு தடவைக்கு 3.25 டாலர், நாலு தடவைதான் போனா 9.75. சேர்வதற்கு முன் மூணு கேள்வி கேளுங்க: மாசாமாசம் கட்டலாமா? நிறுத்தணும்னா எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்? கிளையை மூடிட்டா பணம் என்னாகும்?

அப்போ சேர வேண்டாமா?

இங்கேதான் என் கணக்கு தடுமாறுது. அண்ணன் போனப்புறம் ரெண்டு வருஷம் அண்ணி வீட்டை விட்டு வெளியே வரலை. வயசு 58, முழங்கால் வலி, சர்க்கரை. வாக்கிங் போலாம்னா "நாளைக்கு"ன்னு சொல்வாங்க. சாதாரண ஜிம்முக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போனேன், வாசல்லயே நின்னுட்டாங்க. இந்த ஜிம்முக்கு 14 மாசமா போறாங்க. வராட்டி யாராவது போன் பண்ணிக் கேக்கறாங்களாம். சுடிதார்ல போறாங்க, யாரும் திரும்பிப் பார்க்கலை. ஜப்பானில் இது ஏன் பிழைத்தது என்று அப்போதுதான் புரிந்தது. செய்கிற பயிற்சிதான் நல்ல பயிற்சி. செய்யாத சிறந்த பயிற்சியால் யாருக்கும் பலனில்லை.

என் முடிவு இது. புதிதாகத் தொடங்குபவர், ஆண்கள் நடுவே கூச்சப்படுபவர், நேரம் குறைவாக உள்ளவர் சேரலாம், தாராளமாக. ஏற்கெனவே பயிற்சி செய்பவருக்கும், என்னைப் போல் எலும்புக்காகத் தேடுபவருக்கும் இது மட்டும் போதாது. 65 தாண்டியவர்கள் ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் ஊர் பொழுதுபோக்கு மையத்துல பயிற்சியாளரோட வாரம் ரெண்டு நாள் எடை தூக்கப் போறேன். அண்ணிகிட்ட சொன்னப்போ முகம் சுருங்கிடுச்சு. "அப்போ நான் பண்றது வேஸ்ட்டா?"ன்னாங்க. "இல்ல அண்ணி, நீங்க விடாதீங்க. கூட ஒண்ணே ஒண்ணு மட்டும் சேர்த்துக்கோங்க"ன்னு சொல்லி, நாற்காலியில அஞ்சு எண்ணிக்கிட்டே மெதுவா உட்கார்றதைக் காமிச்சேன். முழங்கால் வலிச்சா நிறுத்திடணும்னும் சொல்லியிருக்கேன். இப்போ சீரியல் விளம்பர இடைவேளையில பத்து தடவை பண்றாங்களாம். சனிக்கிழமை காலையில நாங்க சேர்ந்து நடக்கிறோம்.