துப்பாக்கி துடைக்கும் கைகளுக்கு ஓர் எச்சரிக்கை

2021 டிசம்பர் 30 அன்று, நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடும் தளத்திலிருந்து பறந்து வந்த குண்டு 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்துபோனான். புதுக்கோட்டை மாவட்டம் அதை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் துப்பாக்கியால் வரும் இன்னொரு கேடு பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. சுட்டு முடித்து உட்கார்ந்து குழலைத் துடைக்கும்போது கையில் ஒட்டும் கரியில் காரீயம் இருக்கிறது.

கரிக்குள் இருப்பது

என்சிசி மாணவர்கள் முதன்முதலில் சுடப் பழகுவது .22 ரைஃபிளில்தான். அதன் குண்டு சுமார் இரண்டரை கிராம்; பெரும்பாலும் செம்பு உறை இல்லாத வெறும் காரீயம். தோட்டாவின் அடிவிளிம்பில் அடைத்திருக்கும் பற்றவைப்பு மருந்திலும் வழக்கமாகக் காரீயச் சேர்மம் உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் இவை புகையாகவும் தூளாகவும் கிளம்பி, குழலிலும் கையிலும் சட்டையிலும் படிகின்றன. குழலுக்குள் விட்டு இழுக்கும் புல்-த்ரூ கயிற்றில் துண்டுத் துணியைக் கோத்து இழுத்தால் வரும் கறுப்பு இதுவும் சேர்ந்ததுதான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். அவரைப் பார்த்து இந்த விளையாட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குக் குறிபார்க்கக் கற்றுத்தரும்போதே கை கழுவவும் கற்றுத்தர வேண்டும். நாட்டுத் துப்பாக்கிக்கு ஈயம் உருக்கி ரவை செய்யும் நரிக்குறவர் குடும்பங்களுக்கும், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் வலைக்கு ஈயம் கட்டுவோருக்கும் இதே அறிவுரை பொருந்தும்.

வினிகர் கலவை வேண்டாம்

சைலன்சர் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் நாடுகளில், .22 துப்பாக்கியின் சைலன்சருக்குள் காரீயம் அடையடையாகச் சேரும். அதைக் கரைக்க வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வீட்டிலேயே கலந்து ஊறவைக்கிறார்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் சத்தத்தைக் குறைக்கும் இந்தத் துணைக்கருவியையும் துப்பாக்கி என்றே கணக்கில் வைக்கிறது. ஆனால் கலவைக்கான செய்முறை எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிடுகிறது. குழலையோ உதிரிப் பாகங்களையோ அதில் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெராக்சைடு காரீயத்தை ஆக்சைடாக்குகிறது. வினிகரிலுள்ள அமிலம் அதைக் கரைத்துக் காரீய அசிடேட்டாக மாற்றுகிறது. கெட்டியாக இருந்தவரை துடைத்தெடுக்க முடிந்த நஞ்சு, இப்போது தண்ணீரைப் போல எங்கும் பரவும். கெட்டிக் காரீயம் தோல் வழியே உள்ளே போவது மிகக் குறைவு. இந்த அசிடேட் அதைவிட எளிதாக ஊடுருவும். வாய்க்குள் போனால் குடல் அதை விரைவாக உறிஞ்சிவிடும். அதன் சுவையோ இனிப்பு. பழைய குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைத்த கலவையை ஒரு குழந்தை எடுத்துக் குடித்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே மனம் நடுங்குகிறது. சாக்கடையில் கொட்டினாலும், கொல்லையில் ஊற்றினாலும் அந்தக் காரீயம் மண்ணிலும் நீரிலும் நம்மிடமே தங்கும்.

உடம்பில் நடப்பது

ரத்தத்தில் சேர்ந்த காரீயம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் படிந்தது பல பத்தாண்டுகள் இருக்கும். கர்ப்ப காலத்தில் அங்கிருந்து கிளம்பித் தொப்புள்கொடி வழியே சிசுவுக்கும் போகும். வயிற்றுவலி, மலச்சிக்கல், அசதி, மூட்டுவலி, எரிச்சல், ஞாபகக் குறைவு, ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம் என்று அறிகுறிகள் வேறு நோய்களைப் போலவே தெரியும். பெரியவர் விழுங்கும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தால், சிறு குழந்தைக்குப் பாதிவரை சேரும். மூளை வளரும் வயதில் அதற்கு ஏற்படும் சேதம் சரியாகாது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடம்பு காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ரத்தசோகை பரவலாக உள்ள நம் பெண்களும் பிள்ளைகளும் இதனால்தான் கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள். பாதுகாப்பான அளவு என்று காரீயத்துக்கு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

துடைக்கும்போது

துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயையும் கரைப்பானையும் பயன்படுத்துங்கள். காற்றோட்டமான இடத்தில், நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு ஈரத் துணியால் துடையுங்கள். உலர்ந்த பிரஷ் தூளைக் கிளப்பிவிடும். இடத்தைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் ஒற்றியெடுங்கள். அடுப்படியும் குழந்தை தவழும் தரையும் இதற்கான இடமல்ல. வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவும்வரை டீ, வெற்றிலை, பீடி எதுவும் வேண்டாம். அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

கலவையை ஏற்கெனவே செய்து வைத்திருந்தால் எங்கும் கொட்டிவிடாதீர்கள். வினிகரும் பெராக்சைடும் சேர்ந்தால் வாயு கிளம்பிப் பாட்டில் வெடிக்கலாம் என்பதால் இறுக்கி மூடவும் கூடாது. நஞ்சு என்று எழுதி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அபாயக் கழிவை எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

மருத்துவரிடம் போனால்

வழக்கமான ரத்தப் பரிசோதனையில் காரீயம் தெரியாது; அதற்கென்றே தனியாகச் சோதிக்க வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. காரீயத்தை வெளியேற்றும் மருந்துகள் மருத்துவமனைக் கண்காணிப்பில் தரப்படுபவை. நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. தீராத வயிற்றுவலியோடும் அசதியோடும் போகும்போது, துப்பாக்கி துடைக்கிறேன், ஈயம் உருக்குகிறேன் என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்.