ஐஸ்கிரீமுக்கும் ஆகும்... பயிருக்கும் ஆகும் கடல்பாசி!

காலையில் பல் துலக்கும் பேஸ்ட், கோடையில் சாப்பிடும் ஐஸ்கிரீம், ரம்ஜான் நோன்பில் காய்ச்சும் கடல்பாசி, தோட்டத்தில் நிற்கும் திசு வளர்ப்பு வாழை... இத்தனைக்கும் உதவுவது கடலில் விளையும் பாசிதான். அந்தப் பாசியின் சாறு இப்போது உரக்கடைக்கும் வந்துவிட்டது. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்து வாங்கினால் காசு வீணாகாது.

மூன்று பாசி... மூன்று பசை

ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து கிடைப்பது அகர். கொதிநீரில் கரைந்து, ஆறியதும் கட்டியாகும். ஆய்வகத்தில் வாழைக்கன்றின் திசு வளர்வது இந்தக் கட்டியின் மேல்தான். கட்டக்கோரைப் பாசியில் உள்ள ஆல்ஜினேட், துணியில் சாயம் அச்சிடவும், நெஞ்செரிச்சல் மருந்துக்கும், புண்ணுக்குக் கட்டும் பட்டைக்கும் பயன்படுகிறது.

மூன்றாவது, ‘கப்பாஃபைகஸ்’ என்ற செம்பாசி. பாக் நீரிணைக் கரையோரங்களில், 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பத்தில் விதைப்பாசியைக் கட்டி மிதக்கவிட்டால், சுமார் 45 நாள்களில் அறுவடைக்கு வரும். இதன் காராஜீனன்தான் பேஸ்ட்டையும் ஐஸ்கிரீமையும் கெட்டியாக வைத்திருக்கிறது.

உடம்புக்கு நல்லதா?

கடல்பாசியில் நார்ச்சத்தும் அயோடினும் உண்டு. அயோடின் குறைந்தாலும் தொல்லை, கூடினாலும் தொல்லை. தைராய்டு பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பாசி மாத்திரை, பாசிப் பொடி எதையும் சாப்பிடக் கூடாது.

சாறும் வீணாகாது

பச்சைப் பாசியை அரைத்துச் சாற்றை முதலில் பிரித்துவிட்டு, மீதியிலிருந்து காராஜீனன் எடுக்கும் தொழில்நுட்பத்தை மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள்கள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. சாற்றில் பொட்டாசியம், நுண்ணூட்டங்கள், ஆக்சின், சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள் இருக்கின்றன. பரிந்துரைத்த உரத்தோடு இதையும் இலைவழி தெளித்த பல பயிர்ச் சோதனைகளில் விளைச்சல் கூடியிருக்கிறது.

‘உரத்தோடு’ என்பதைக் கவனியுங்கள். இது ஊக்கி, தழைச்சத்துக்கும் மணிச்சத்துக்கும் மாற்று அல்ல. தொழுவுரத்தை நிறுத்திவிட்டுப் பாசிச் சாற்றை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

வாங்கும்போது...

* 2021-ம் ஆண்டு முதல் உயிரூக்கிகளும் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. லேபிளில் உட்பொருள், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி பார்த்து, ரசீதுடன் வாங்குங்கள்.
* லேபிளில் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம். வெயில் ஏறும் முன்போ, மாலையிலோ தெளியுங்கள்.
* கரை ஒதுங்கும் பாசியைத் தென்னைக்குப் போடும் கடலோர விவசாயிகள், நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, மட்கவைத்துப் போடுவது நல்லது.

முதல் முறை தெளிப்பவர்கள் நான்கு பாத்திகளைத் தெளிக்காமல் விட்டு வையுங்கள். அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள். அடுத்த போகத்துக்கு வாங்கலாமா, வேண்டாமா என்பதை உங்கள் தராசே சொல்லிவிடும்.