பழைய பேட்ச் மெஷின்: துரு பெரிதல்ல, ஆட்டமே பெரிது

கொருக்குப்பேட்டையில் காலணிப் பழுது வேலைக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. மணலி ஆலைகளுக்கும் எண்ணூருக்கும் துறைமுகத்துக்கும் ஷிப்டு போகிறவர்களின் சேஃப்டி ஷூ, சரக்கு யார்டில் சுமை தூக்குகிறவர்களின் செருப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை என்று தினமும் ஏதாவது ஒன்று பிய்ந்துகொண்டுதான் இருக்கும். இவற்றைப் பெரும்பாலும் குத்தூசியால் கையிலேயே தைத்துவிடுகிறார்கள். வசதி இருந்தவர்கள் ஒரு காலத்தில் கறுப்பு நிற இரும்பு மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார்கள். தாத்தா காலத்தில் ஓடிய அந்த மெஷின் இன்று பல வீடுகளில் பரண் மேலோ, படிக்கட்டுக்கு அடியிலோ துருப்பிடித்துக் கிடக்கிறது. கடல் பக்கம் என்பதால் உப்புக்காற்று ஒரு காரணம். 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் வடசென்னை வீடுகளுக்குள் நின்ற தண்ணீர் இன்னொரு காரணம்.

இப்படிக் கிடக்கும் மெஷினை எடைக்குப் போடுவதா, மீண்டும் ஓட்ட முடியுமா என்று முடிவுசெய்ய உதவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இது என்ன மெஷின்?

தோல் தைக்கும் பழைய மெஷின்களில் நம் ஊரில் அதிகம் அறியப்பட்டது சிங்கர் 29கே. ஒட்டுப்போடவே பிறந்தது என்பதால் பேட்ச் மெஷின் என்கிறோம். மாடல் எண்ணில் வரும் ‘கே’ என்பது கில்போவி ஆலையைக் குறிக்கும். ஸ்காட்லாந்தில் கப்பல் கட்டுவதற்குப் பெயர்பெற்ற கிளைட்பேங்க் ஊரில், 1882-இல் கட்டத் தொடங்கி 1885-இல் திறந்த சிங்கர் ஆலை அது. 1980-இல் மூடப்பட்டது. ஆகவே கில்போவியில் செய்த எந்த மெஷினும் இன்றைக்குக் குறைந்தது நாற்பது வயதைத் தாண்டியது. உடம்பில் பொறித்திருக்கும் வரிசை எண் எழுத்தில் தொடங்கினால் அது 1900-க்குப் பிந்தையது என்று பொதுவாகக் கொள்ளலாம்.

வீட்டுத் தையல் மெஷினில் ஊசிக்குக் கீழே இருக்கும் பல் வரிசைதான் துணியை நகர்த்தும். அது நேர்கோட்டில் மட்டுமே தள்ளும். 29கே மெஷினில் கீழே பல்லே கிடையாது. மேலிருந்து அழுத்தும் பாதமே தோலைக் கவ்வி இழுக்கும். அந்தப் பாதத்தை முழு வட்டமாக எந்தப் பக்கமும் திருப்பலாம். அதனால் ஷூவை அசைக்காமலேயே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தைக்க முடிகிறது.

இரண்டாவது சிறப்பு அதன் கை. யானைத் துதிக்கை போல நீண்டு, நுனியில் சிறுத்துப்போகும் அந்தக் கையை ஷூவுக்குள் விரல் பகுதிவரை நுழைத்துவிடலாம். சுமார் 12 அங்குலக் கை கொண்டவையும் உண்டு, 18 அங்குலக் கை கொண்டவையும் உண்டு. கீழ்நூலைச் சுமக்கும் ஷட்டில், அந்த நுனிக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியது. பாபினும் அதனால் சிறியதுதான். அடிக்கடி நூல் சுற்ற வேண்டியிருப்பது இந்த மெஷினின் குறையல்ல, அமைப்பே அப்படி.

வாங்கும் முன், பிரிக்கும் முன்

முதலில் விரிசல் பாருங்கள். உடம்பு வார்ப்பிரும்பு. பாரம் தாங்கும், ஆனால் கீழே விழுந்தால் உடைந்துவிடும். கை உடம்போடு சேரும் இடம், அடிப்பலகையில் போல்ட்டு மாட்டும் காதுகள் ஆகியவற்றை வெளிச்சத்தில் தடவிப் பாருங்கள். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்து நம்பிக்கையோடு ஓட்டுவது கடினம். கையில் விரிசலோ, பழைய வெல்டிங்கோ தெரிந்தால் அந்த மெஷினை உதிரி பாகங்களுக்காக மட்டும் வாங்கலாம்.

கைச்சக்கரம் ஓடினால், தையல் நீளத்தைச் சோதியுங்கள். நூல் கோக்காமல், நீளத்தை உச்சத்தில் வைத்து ஒரு அட்டையில் ஓட்டி, ஒரு அங்குலத்துக்கு எத்தனை துளை விழுகிறது என்று எண்ணுங்கள். புதிதாக இருந்தபோது ஏறத்தாழ ஐந்து விழுந்திருக்கும். எட்டு, பத்து என்று நெருக்கமாக விழுந்தால், பாதத்தை இழுக்கும் கேம், நெம்புகோல்கள், வளையம் எல்லாம் தேய்ந்து ஆட்டம் கண்டு, பாதத்தின் நடையில் பாதி வழியிலேயே தொலைகிறது என்று பொருள்.

அடுத்தது ஷட்டில். கையின் உள்ளே ஒரு பல்தண்டு முன்னும் பின்னும் ஓடி, நுனியில் இருக்கும் சிறு பற்சக்கரத்தைத் திருப்புகிறது. அதுதான் ஷட்டிலை ஆட்டுகிறது. சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஷட்டிலை விரலால் ஆட்டிப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் இயல்பு. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடினால் பல்தண்டும் பற்சக்கரமும் தேய்ந்துவிட்டன. தையல் விட்டு விட்டு விழுவதற்கு இதுவே முதல் காரணம்.

இந்த இரண்டு ஆட்டங்களையும் பார்க்காமல், தேய்த்துப் பளபளப்பாக்கி, கறுப்பு பெயிண்ட் அடித்துப் புது மெஷின் போல நிற்க வைத்தால் பார்வைக்கு மட்டுமே பயன். மேலே முழுக்கத் துரு, உள்ளே ஆட்டமில்லை என்றால் தயங்காமல் எடுங்கள். பளபளவென்று இருக்கிறது, உள்ளே ஆடுகிறது என்றால் விலையை வெகுவாகக் குறைத்துக் கேளுங்கள்.

இறுகிப்போன மெஷினை இளக்குவது

சக்கரம் நகரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். பெரும்பாலும் உள்ளே இறுகியிருப்பது துருவைவிடப் பழைய எண்ணெய்தான். வீட்டில் கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயையோ சமையல் எண்ணெயையோ விட்டிருப்பார்கள். அது நாளடைவில் காய்ந்து கோந்தாகிவிடும். மண்ணெண்ணெய் அல்லது டீசலை எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் விட்டு ஓரிரவு ஊற வையுங்கள். மறுநாள் முடி உலர்த்தும் டிரையரால் லேசாகச் சூடேற்றி, சக்கரத்தை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள். டிரையரைப் போடும் முன் வழிந்திருக்கும் மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஒரே நாளில் இளகவில்லை என்றால் மறுபடி ஊற வையுங்கள். சுத்தியால் தட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நடுவில் பித்தளைத் துண்டு ஒன்றை வையுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய மெஷினுக்கு இன்னும் ஒரு வேலை முன்னால் உண்டு. சேறும் உப்பும் உள்ளே இருக்கும்வரை எந்த எண்ணெயும் பயன் தராது. நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்க உலர்த்தி, உடனே மண்ணெண்ணெய் விடுங்கள். தாமதித்தால் ஒவ்வொரு நாளும் துரு உள்ளே இறங்கும்.

பிரிப்பது, துடைப்பது

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். கழற்றிய வரிசையிலேயே திருகுகளை இட்லித் தட்டுக் குழிகளில் போட்டு வையுங்கள். சிங்கர் திருகுகளின் மரை தனி அளவு. கடையில் கிடைக்கும் சாதாரணத் திருகு அதில் ஏறாது, வலிந்து ஏற்றினால் உடம்பில் உள்ள மரையும் போய்விடும். அதனால் திருகின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை மட்டும் பயன்படுத்துங்கள். பொருந்தாவிட்டால் டிரைவரின் முனையைச் சாணையில் தீட்டிப் பொருந்த வையுங்கள்.

வெளி உடம்பில் தங்க நிறப் பூவேலை மிச்சமிருந்தால் அதன் மேல் தின்னரோ ஸ்பிரிட்டோ படக்கூடாது. பூவேலையைக் காக்கும் மெல்லிய பூச்சு அதில் கரைந்து, படமும் கூடவே போய்விடும். மெஷின் ஆயில் தொட்ட மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பாதத் தண்டு, ஊசித் தண்டு போன்ற ஓடும் பாகங்களில் உள்ள துருவுக்கு மிக மெல்லிய உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துத் தேய்க்கலாம். சொரசொரப்பான தாளைப் போட்டால் நீங்களே புதிதாக ஒரு ஆட்டத்தை உண்டாக்கிவிடுவீர்கள்.

ஆட்டத்தை எடுப்பது

உண்மையான மீட்பு இங்கேதான் தொடங்குகிறது. பல்தண்டு, பற்சக்கரம், ஷட்டில், பாபின் கேஸ் ஆகிய நான்குக்கும் நகல் பாகங்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. பல்தண்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பற்சக்கரத்தை விட்டுவைக்காதீர்கள். இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். கேமும் நெம்புகோல்களும் தேய்ந்திருந்தால் பித்தளையோ வெல்டிங்கோ வைத்து நிரப்பி, பழைய அளவுக்கு லேத்தில் கடைந்தெடுக்கலாம். இந்த விஷயத்தில் வடசென்னைக்காரர்களுக்கு வசதி அதிகம். தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்துகொடுக்கும் லேத் பட்டறைகள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும். மழுங்கிய பாதத்தின் பற்களை முக்கோண அரத்தால் கூர்தீட்டினாலே பாதி நழுவல் நின்றுவிடும். அளவாகத் தீட்டுங்கள், கூர் மிஞ்சினால் தோலில் பல் தடம் விழும்.

ஊசி, நூல், டைமிங்

29கே-வுக்கு வீட்டு மெஷின் ஊசி சேராது. துணிக்கு 29×3, தோலுக்கு 29×4 என்று கேட்டு வாங்குங்கள். தோல் ஊசியின் முனை கத்தி போல வெட்டிக்கொண்டு போகும். அதைத் துணியிலோ கேன்வாஸிலோ ஓட்டினால் இழை அறுந்து தையலே கிழிந்துவிடும். பாலியெஸ்டர் அல்லது நைலான் நூல் போடுங்கள். பருத்தி நூல் வியர்வையிலும் மழையிலும் மக்கிவிடும். வடம் போன்ற தடித்த நூலை இந்தச் சிறிய ஷட்டில் ஏற்காது.

மேல்நூல் ஊசித் தண்டின் உள்ளே ஓடும் துளை வழியாக இறங்க வேண்டும். அதற்கென்று கொக்கி முனையுள்ள மெல்லிய கம்பி ஒன்று மெஷினோடு வரும். அது தொலைந்திருந்தால், சைக்கிள் பிரேக் கேபிளில் ஒரு இழையைப் பிரித்து முனையை மடக்கிக்கொள்ளலாம்.

ஊசி அடிவரை இறங்கி, லேசாக மேலேறத் தொடங்கும்போது நூல் ஒரு சிறு கண்ணியாக விரியும். அந்த நொடியில் ஷட்டிலின் கூர்முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே வந்து கண்ணியைப் பிடிக்க வேண்டும். இதுதான் டைமிங். முனை முன்னதாகவோ பின்னதாகவோ வந்தால் தையல் விடும். ஆனால் டைமிங்கில் கைவைக்கும் முன், ஊசி கடைசிவரை ஏறியிருக்கிறதா, அதன் நீளப் பள்ளம் ஷட்டில் முனைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பழுதென்று நினைப்பது பலமுறை ஊசியைத் தவறாக மாட்டியதாகவே இருக்கும். தோலுக்கு அடியில் நூல் கூடு கட்டினால், முதலில் மேல்நூலின் டென்ஷனைச் சரிபாருங்கள்.

இதனால் ஆகாதவை

இது ஷூவின் மேல்தோலைத் தைக்கும் மெஷின். பிய்ந்த விளிம்பு, கிழிந்த பக்கவாட்டு, வார், ஜிப், பை, கையுறை எல்லாம் தைக்கும். அடியட்டையைத் தைக்காது. அதற்கு வேறு கனரக மெஷின் உண்டு, இல்லாவிட்டால் குத்தூசிதான். இன்றைய ஸ்போர்ட்ஸ் ஷூக்களில் பெரும்பாலும் அடிப்பாகம் ஒட்டப்படுவதால், அங்கே பசைதான் பேசும். வேகமான மோட்டார் மாட்டும் ஆசையும் வேண்டாம். ஒவ்வொரு தையலாகப் பார்த்து நிறுத்தத்தான் இதற்குக் கைச்சக்கரமும் பெடலும் வைத்தார்கள்.

இதே வேலைக்குக் கையால் சுற்றும் சீன மெஷின்களும் மலிவாகக் கிடைக்கின்றன. எப்போதாவது ஒரு பையைத் தைக்க அது போதும். தினமும் கடை வைத்துத் தைப்பவருக்கு, ஆட்டம் எடுத்த ஒரு பழைய 29கே-தான் நீண்ட நாள் உழைக்கும். ஓடும் நாட்களில் காலையில் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு மெஷின் ஆயில், மாலையில் ஷட்டிலைக் கழற்றிப் பஞ்சும் பசைத்தூளும் துடைப்பது, மழைக்காலத்தில் தரையிலிருந்து தூக்கி வைப்பது: இந்த மூன்றும் தவறாவிட்டால் போதும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால், பழைய இரும்புக் கடைக்குத் தூக்கும் முன் அந்த அட்டைச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். நீங்களே ஓட்டப்போவதில்லை என்றால், காட்சிக்கு வைக்காமல், பக்கத்தில் காலணி தைத்துப் பிழைக்கும் ஒருவருக்குக் கொடுங்கள்.